‘புதிய’ அந்துப்பூச்சி என்றால் என்ன? ஒரு பூச்சியின் அங்க அடையாளங்களை எழுதும் வேலை

ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போகும்போது வாங்கும் மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஓர் இடம் இருக்கும். வலது முழங்கையில் மச்சம், இடது புருவத்துக்கு மேல் தழும்பு என்று இரண்டு வரி எழுதியிருப்பார்கள். பிள்ளைக்கு இரண்டு கண், ஒரு மூக்கு, கறுப்பு முடி என்று யாரும் எழுதுவதில்லை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் வகுப்பில் இருக்கும் மற்ற நாற்பது பேருக்கும் அதே கண்ணும் மூக்கும் இருக்கின்றனவே.

அந்துப்பூச்சி ஒன்றைப் புதியது என்று அறிவியலுக்கு அறிமுகப்படுத்துவதும் கிட்டத்தட்ட இந்த இரண்டு வரியை எழுதுகிற வேலைதான். மேடவாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் கட்டி, விளக்குப் போட்டு, பூச்சி பார்ப்போம். நன்மங்கலம் காப்புக்காடு பக்கத்தில் இருப்பதால் நல்ல கூட்டமே வரும். அந்த நாட்களில் தெரிந்தவர்கள் எல்லோரும் கைப்பேசியில் படம் அனுப்புவார்கள். “அக்கா, இதைத் தேடிப் பாத்துட்டேன், எங்கயும் இல்ல. புதுசா இருக்குமோ?” என்று கேட்பார்கள். ஆசையான கேள்வி, கேட்கவும் வேண்டும். ஆனால் ‘புதுசு’ என்ற சொல்லை நாம் எவ்வளவு தளர்வாகப் பயன்படுத்துகிறோம் என்பதும் அதில் தெரியும். செய்தித்தாள்களும் அப்படித்தான். ‘புதிய அந்துப்பூச்சி கண்டுபிடிப்பு’ என்று போடும்போது, யாரோ ஒருவர் ஒரு ராத்திரி விளக்கடியில் இதுவரை யாரும் பார்க்காத பூச்சியைப் பார்த்துவிட்டார் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அந்த ராத்திரியில் எதுவும் முடிவாவதில்லை.

அந்து, விட்டில், அந்துப்பூச்சி

நம் வீடுகளில் ‘அந்து’ என்றால் அரிசி, நெல், உளுந்து டப்பாவைத் திறந்ததும் படபடவென்று பறக்கும் சிறிய பழுப்புப் பூச்சி. விளக்கில் வந்து விழுவதை ‘விட்டில்’ என்கிறோம். அறிவியலில் இவையெல்லாம் ஒரே பெருங்கூட்டம். பட்டாம்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் சேர்ந்த செதில் இறக்கைப் பூச்சிகளில் உலகம் முழுக்க ஏறக்குறைய 1,60,000 வகைகளுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் பட்டாம்பூச்சிகள் 18,000 சொச்சம்தான். மீதி அத்தனையும் அந்துப்பூச்சிகள். இந்தியாவில் மட்டும் 10,000-க்கும் மேல்.

இங்கே ‘வகை’ என்று பொதுவாகச் சொன்னதற்குப் பாடப்புத்தகச் சொல் ‘சிற்றினம்’. தங்களுக்குள் இணைந்து, இனம் பெருக்கக்கூடிய குட்டிகளைத் தொடர்ந்து தரக்கூடிய உயிர்களின் கூட்டம் ஒரு சிற்றினம். நெருங்கிய சிற்றினங்கள் சேர்ந்தது ‘பேரினம்’. பேரினத்தைக் குடும்பப் பெயராகவும் சிற்றினத்தை ஆள் பெயராகவும் நினைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரைக்கு இந்த இரண்டு சொற்கள் போதும்.

யாருக்குப் புதியது?

ஒரு பூச்சி மூன்று விதமாகப் ‘புதியதாக’ இருக்கலாம். முதலாவது, எனக்குப் புதியது. மாடிக்கு வரும் பூச்சிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். பூச்சிகளை அடையாளம் காட்டும் கைப்பேசிச் செயலியில் படம் இல்லை என்றால் அந்தப் பூச்சியை யாரும் படமெடுத்து அதில் ஏற்றவில்லை என்பது மட்டும்தான் பொருள். நூறாண்டுக்கு முன்பே அச்சில் வந்து, நூலகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் அந்துப்பூச்சிகள் ஏராளம். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்து, பிறகு லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்த ஜார்ஜ் ஹாம்ப்சன், 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளுக்காக மட்டும் நான்கு தொகுதிகள் எழுதினார். இன்றும் நம் பூச்சியைத் தேட அங்கேதான் முதலில் போக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, ஊருக்குப் புதியது. மிமியூசெமியா சிலோனிகா என்ற அந்துப்பூச்சியை 1893-இல் ஹாம்ப்சன் இலங்கையில் கிடைத்ததை வைத்து விவரித்தார். நூறாண்டுக்கும் மேல் கழித்து அது களக்காடு முண்டந்துறைப் பக்கம் கிடைத்தது. அருமையான செய்தி. ஆனால் இது புதிய பதிவு மட்டுமே; சிற்றினம் பழையது. 2018-இல் கர்நாடகத்தில் தென்பட்டு, பிறகு நம் மக்காச்சோளக் காடுகளை அழித்த அமெரிக்கன் படைப்புழுவும் இதே கதைதான். இந்தியாவுக்கு அது புதியது. அறிவியலுக்கோ அது 1797-இலேயே பெயர் பெற்றுவிட்ட பூச்சி.

மூன்றாவதுதான் அறிவியலுக்கே புதியது. உலகில் எந்த மொழியில், எந்த மூலையில் அச்சான எந்த விவரத்தோடும் பொருந்தாத சிற்றினம். இதை உறுதிப்படுத்த, இருக்கிற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

சுருக்கமாக: பார்ப்பது ஒரு நொடி வேலை. பார்த்தது இதற்கு முன் பெயர் பெற்ற எதுவும் இல்லை என்று காட்டுவதற்கு ஆண்டுகள் ஆகலாம்.

மண்டை ஓடு சொல்லிக்கொடுத்த பாடம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். நான் முதன்முதலில் இந்த விஷயத்தைப் புரிந்துகொண்டது ஒரே ஒரு பூச்சியால்.

எள் பயிரில் தடித்த பச்சைப் புழு ஒன்று இருக்கும், பின்னால் கொம்போடு. அது வளர்ந்து பறக்கும்போது முதுகில் மண்டை ஓடு வரைந்தது போல ஒரு குறி இருக்கும். தேன் குடிக்கத் தேன்கூட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். பிடித்தால் கீச்சென்று கத்தும். இப்படி ஒரு பூச்சியை விவரி என்றால் யாராக இருந்தாலும் முதல் வரியில் என்ன எழுதுவோம்? முதுகில் மண்டை ஓடு!

ஆனால் உலகில் மண்டை ஓட்டு அந்துப்பூச்சிகள் மூன்று இருக்கின்றன. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் அட்ரோபாஸ், ஆசியாவில் வாழும் லாகெசிஸ், ஸ்டிக்ஸ். மூன்றுமே கிரேக்கப் புராணத்தில் விதியோடும் சாவோடும் சேர்ந்த பெயர்கள். அட்ரோபாஸுக்கு 1758-இல், உயிர்களுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் பெயர் வைத்தார். லாகெசிஸுக்கு 1798-இல் அவருடைய மாணவர் ஃபாப்ரிசியஸ் வைத்தார். ஸ்டிக்ஸுக்குப் பெயர் கிடைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான். மூன்றுக்கும் முதுகில் மண்டை ஓடு உண்டு. அதாவது கண்ணைப் பறிக்கிற அந்தக் குறி, மூன்றில் எது என்று கேட்டால் பதில் சொல்லாது.

பதில் இருப்பது யாரும் பார்க்காத இடத்தில். முன்னிறகின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டிக்ஸுக்கு நடுவில் இரண்டு பட்டைகள், அட்ரோபாஸுக்கு ஒன்று. லாகெசிஸ் பொதுவாக இன்னும் பெரியது, கறுத்தது. பின்னிறகு உடலோடு சேரும் இடத்திலும் கறுப்பு பரவியிருக்கும். மண்டை ஓடு என்பது ‘இரண்டு கண், ஒரு மூக்கு’ மாதிரி. இறகின் அடிப்பக்கத்தில் உள்ள பட்டைதான் முழங்கை மச்சம்.

ஒரு புதிய சிற்றினத்தை எழுதும்போது முதலில் வரும் பகுதிக்கு ‘வேறுபாட்டுக் குறிப்பு’ என்று பெயர் சொல்லலாம். இந்தப் பூச்சியை அதன் நெருங்கிய உறவுகளிடமிருந்து பிரிக்கும் அம்சங்கள் மட்டும் அதில் இருக்கும். அதற்குப் பிறகுதான் தலை முதல் வால் வரை சொல்லும் முழு ‘விவரணை’. விவரணை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறுபாட்டுக் குறிப்பு இல்லாமல் நிற்காது. இது சட்டமாகவே இருக்கிறது. விலங்குகளுக்குப் பெயர் வைப்பதற்கான சர்வதேச விதிமுறையின்படி, 1930-க்குப் பிறகு வைக்கப்படும் எந்தப் பெயரும் செல்ல வேண்டுமானால், அந்த உயிரை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தும் அம்சங்கள் சொற்களால் சொல்லப்பட்டிருக்க வேண்டும். படம் மட்டும் போதாது. எவ்வளவு தெளிவான கேமராவாக இருந்தாலும் சரி, ‘படத்தைப் பாருங்கள், தெரியும்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எது வேறுபாடு என்று விரல் வைத்துச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

இறக்கையைப் புடவை போலப் படிப்பது

சரி, சொற்களால் எப்படிச் சொல்வது? ‘பழுப்பு நிறம், கோடு கோடாக இருக்கும்’ என்றால் ஆயிரம் பூச்சிக்குப் பொருந்தும்.

காஞ்சிபுரம் புடவை ஒன்றைப் பார்க்காதவருக்குத் தொலைபேசியில் விவரிப்பதை நினைத்துப் பாருங்கள். உடல் என்ன நிறம், கரை எவ்வளவு அகலம், முந்தியில் என்ன வேலை, புட்டா எங்கே விழுகிறது என்று இடத்தின் பெயரைச் சொல்லித்தான் பேசுவோம். இடத்துக்குப் பெயர் இருப்பதால்தான் கேட்பவர் மனத்தில் புடவை விரிகிறது. அந்துப்பூச்சி இறக்கையையும் இப்படித்தான் பகுத்திருக்கிறார்கள். உடலோடு சேரும் இடம் அடி. வெளிமுனை நுனி. பறக்கும்போது காற்றைக் கிழிக்கும் மேல்விளிம்பு, வெளிவிளிம்பு, கீழ்விளிம்பு. மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை குறுக்கே ஓடும் கோடுகளை, அடியிலிருந்து தொடங்கி உள்கோடு, நடுக்கோடு, வெளிக்கோடு என்று வரிசையாக எண்ணுவார்கள். பல அந்துப்பூச்சிகளின் முன்னிறகில் ஒரு வட்டப் புள்ளியும், அதற்கு வெளியே சிறுநீரக வடிவில் ஒரு புள்ளியும் இருக்கும். அந்த இரண்டாவதை எங்கள் வீட்டில் முந்திரிப்பருப்பு என்போம். ‘வெளிக்கோடு மேல்விளிம்பு அருகே வளைந்து, முந்திரிப்பருப்பைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறது’ என்று எழுதினால், பூச்சியைப் பார்க்காதவரும் வரைந்துவிடலாம்.

இந்தக் கோலத்தைப் போடுவது செதில்கள். அந்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி அதுதான். உருப்பெருக்கியில் பார்த்தால் வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கோடு என்று நமக்குத் தெரிவது, ஒரே நிறச் செதில்கள் வரிசையாக நிற்பதால் உண்டாகும் தோற்றம்.

அளவும் முக்கியம். இறக்கை விரிப்பின் அகலம், பூச்சியை எப்படி விரித்து வைத்தோம் என்பதைப் பொறுத்து மாறிவிடும். அதனால் பலரும் ஒரு முன்னிறகின் நீளத்தை, அடி முதல் நுனி வரை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். தலையில் உணர்கொம்பு நூல் போலிருக்கிறதா, சீப்புப் பல் போல இருபுறமும் கிளைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெண் காற்றில் விடும் வாசனையைப் பிடிக்க வேண்டியிருப்பதால் ஆணின் உணர்கொம்பு பல குடும்பங்களில் (அறிவியலில் ‘குடும்பம்’ என்பது நெருங்கிய பேரினங்கள் சேர்ந்த கூட்டம்) கூடுதலாகக் கிளைத்திருக்கும். உறிஞ்சுகுழல் இருக்கிறதா, கால்களில் எத்தனை முட்கள், இறக்கை நரம்புகள் எங்கே பிரிகின்றன என்பதெல்லாமும் விவரணையில் உண்டு. நரம்பை வைத்துக் குடும்பத்தையும் பேரினத்தையும் பிடித்துவிடலாம்.

கண் ஏமாறும் இடங்கள்

ஆனால் மேல்தோற்றத்தை முழுசாக நம்பக் கூடாது. பூச்சிக்கு வயதாகும்போது செதில் உதிர்ந்து, கோடுகள் அழிந்து, பழைய புடவை போல வெளுத்துவிடும். உதிர்ந்த பூச்சியைப் பார்த்து ‘கோடில்லாத புதிய வகை’ என்று எழுதிவிட்டால் தவறு.

ஆணும் பெண்ணும் வேறு வேறாக இருப்பது இன்னொரு பொறி. சென்னையில் வேலிகளிலும் மரங்களிலும் சிறு குச்சிகளை ஒட்டிச் செய்த கூடுகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது கூடு கட்டி வாழும் அந்துப்பூச்சி. அதில் பல வகைகளில் ஆணுக்கு இறக்கை உண்டு, பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. சாகும்வரை கூட்டை விட்டு வெளியே வராத பெண்களும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தவர் ஒரே சிற்றினம் என்று சொல்லவே மாட்டார்.

நிறமும் அப்படித்தான். இங்கிலாந்தில் வெள்ளையில் கறுப்புப் புள்ளி தெளித்த அந்துப்பூச்சி ஒன்று உண்டு. 1848-இல் மான்செஸ்டரில் அதன் முழுக்கறுப்பு வடிவம் பதிவானது. தொழிற்சாலைப் புகை படிந்த மரங்களில் கறுப்பு பெருகியது. காற்று சுத்தமானதும் திரும்பவும் குறைந்தது. வெள்ளையும் கறுப்பும் ஒன்றோடொன்று இணைந்து குட்டி போடும் ஒரே சிற்றினம்தான்.

ஆக இதுவரை பார்த்தது இது: ஒரே தோற்றத்துக்குள் பல சிற்றினங்கள் ஒளிந்திருக்கலாம், ஒரே சிற்றினம் பல தோற்றத்தில் வரலாம். அப்புறம் எதைத்தான் நம்புவது?

புளியைக் கரைப்பது போல

இந்தத் துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம்புவது பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை. கேட்கச் சங்கடமாக இருக்கலாம், ஆனால் காரணம் நேர்மையானது. வெளித்தோற்றத்தில் கொஞ்சமும் பிரிக்க முடியாத இரண்டு அந்துப்பூச்சிகள் அந்த உறுப்பில் மட்டும் தெளிவாக வேறுபடுவது மிகச் சாதாரணம்.

செய்முறை ஒன்றும் மாயமில்லை. இறந்த பூச்சியின் வயிற்றுப் பகுதியைப் பிரித்து, சுமார் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊறவைப்பார்கள். புளியை ஊறவைத்துக் கரைத்தால் சதை கரைந்து நாரும் கொட்டையும் மிஞ்சுமே, அதுபோல மென்மையான திசு கரைந்து, கடினமான பாகங்கள் மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆணுக்கு இரண்டு பக்கமும் கிடுக்கி போன்ற தகடுகள் இருக்கும். அவற்றின் வளைவு, முனையில் உள்ள முள், நடுவில் உள்ள கொக்கியின் வடிவம் எல்லாம் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும்.

ஏன் இப்படி மாறுகிறது? திண்டுக்கல் பூட்டுக்கு அதன் சாவிதான் சேரும் என்பது போல, ஆணின் உறுப்பு தன் சிற்றினத்துப் பெண்ணுக்குத்தான் பொருந்தும் என்று லியோன் துஃபூர் என்ற பிரெஞ்சுக்காரர் 1844-இல் சொன்னார். இன்று அது முழுக் காரணம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. துணை தேடும் போட்டியில் இந்த உறுப்புகள் மற்ற பாகங்களைவிட வேகமாக மாறிவிடுகின்றன என்ற விளக்கத்துக்கு இப்போது ஆதரவு அதிகம். எந்தக் காரணமானாலும், பயன் ஒன்றுதான்: பிரிந்து அதிக காலம் ஆகாத இரு சிற்றினங்களைக்கூட இங்கே பிரித்துப் பார்த்துவிடலாம்.

டிஎன்ஏ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. 2003-இல் கனடாவைச் சேர்ந்த பால் ஹெபர்ட் குழு, விலங்குகளின் ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டைக் கடைப் பொருளின் பார்கோடு போலப் பயன்படுத்தலாம் என்று முன்வைத்தது. அந்தத் துண்டில் சுமார் 658 டிஎன்ஏ எழுத்துகள். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பூச்சிகளின் துண்டு நன்றாக வேறுபட்டால், ‘இங்கே கவனி’ என்று மணி அடிக்கும். ஆணையும் பெண்ணையும், புழுவையும் பறக்கும் பூச்சியையும் ஒன்று சேர்க்கவும் அது அருமையான கருவி.

ஆனால் எத்தனை எழுத்து மாறினால் வேறு சிற்றினம் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு கோடு கிடையாது. நூறாண்டுப் பழைய மாதிரிகளில் டிஎன்ஏ சிதைந்திருக்கும். அவற்றோடு ஒப்பிட உடலைத்தான் பார்க்க வேண்டும். வயலில் நிற்கும் விவசாயியின் கையில் டிஎன்ஏ கருவியும் இல்லை. படைப்புழு வந்தபோது அவர்களுக்கு உதவியது இரண்டே இரண்டு அங்க அடையாளம்: புழுவின் தலையில் தலைகீழாகத் திருப்பிய ஆங்கில ஒய் எழுத்து, வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளிகள்.

பெயரும் அந்த ஒற்றைப் பூச்சியும்

வேறுபாடு உறுதியானதும் பெயர். பேரினம், சிற்றினம் என இரண்டு சொல். அரளிச் செடியைத் தின்று வளரும் பச்சை அந்துப்பூச்சிக்கு டாஃப்னிஸ் நீரியை என்று பெயர். ‘நீரியை’ என்பது அரளியின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. ஊர், நிறம், உண்ணும் செடி, மதிக்கும் மனிதர் என்று எதை வைத்தும் பெயரிடலாம்.

பெயரைவிட முக்கியமானது ‘ஹோலோடைப்’. முன்பெல்லாம் சந்தையில் படியில் அளந்து கொடுக்கும்போது, அந்தப் படி சரியானதா என்று பார்க்க அரசு முத்திரை குத்திய படி ஒன்று இருக்கும். சந்தேகம் வந்தால் அதோடு ஒப்பிடுவார்கள். ஹோலோடைப்பும் அப்படித்தான். அந்தப் பெயருக்கு நிரந்தரச் சாட்சியாக நிற்கும் ஒரே ஒரு பூச்சி. ஊசியில் குத்தி, எங்கே, எந்தத் தேதியில், யார் பிடித்தார் என்ற சிறு சீட்டோடு பெட்டிக்குள் இருக்கும். இருநூறு வருடம் கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தாலும் அந்தப் பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். அழகான பூச்சியைக் கொல்வதா என்று என்னிடம் பலர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். எனக்கும் ஒவ்வொரு முறையும் மனம் சுருங்கும். ஆனால் அந்த ஒரு உடல் இல்லாவிட்டால், காட்டை வெட்டும்போது ‘இங்கே மட்டும் வாழும் சிற்றினம் இது’ என்று சொல்ல நம் கையில் ஒன்றும் இருக்காது.

இந்தியாவில் இதற்குச் சட்டமும் உண்டு. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, புதிய உயிரினம் எதைக் கண்டறிந்தாலும் அரசு குறிப்பிட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில் தரமணியில்தான் இருக்கிறது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. காட்டில் பூச்சி சேகரிக்க வனத்துறை அனுமதியும் வேண்டும். அதனால் மாடியில் பார்க்கிற நாம் யாரும் பிடித்துக் கொல்லத் தேவையில்லை.

மாடியில் நாம் செய்யக்கூடியது

நாம் செய்யக்கூடியது நல்ல படம் எடுப்பது. பெரும்பாலான படங்கள் மேலிருந்து ஒன்று, அதுவும் இரவு வெளிச்சத்தில் மஞ்சளடித்து இருக்கும். அதை வைத்துக் குடும்பம் வரை சொல்லலாம், அதற்கு மேல் போக முடியாது. பக்கத்தில் ஒரு அளவுகோலையோ ஒரு ரூபாய் நாணயத்தையோ வைத்து எடுங்கள். தலையும் உணர்கொம்பும் தெரிய ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. தேதி, நேரம், இடம், எந்த விளக்கில் வந்தது, அருகில் என்ன செடி என்று எழுதி வையுங்கள். புழுவாக இருக்கும்போதே கிடைத்தால் எதைத் தின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பூச்சி ஜன்னல் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்குள் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அதன் அடிப்பக்கத்தை எடுங்கள். போன ஜூலையில் கீழ்வீட்டுப் பெண் அப்படி எடுத்து அனுப்பிய படத்தில் முன்னிறகின் அடிப்பக்கத்தில் இரண்டு பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன.